வாடகைக் கண்

என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் காபித் தட்டோடு வந்து நின்றபோது, மிக்சரில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரிந்தது கல்யாணமாகி ஆறாவது மாதம், அவராகச் சொல்லித்தான். அன்றைக்குக் கூடத்தில் இருந்த இருபது பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. குனிந்த தலை நிமிரவில்லை, எவ்வளவு அடக்கமான பையன் என்று என் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது எங்களுக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. நல்லபடியாகத்தான் ஓடுகிறது.

இன்றைக்கு என்றால் அந்த மனிதருக்குப் பெண் கிடைத்திருக்காது. அதற்குக் காரணம் என்னைப் போன்றவர்கள். நான் திருப்பூரில் திரை வைக்கிறவள். பெயர் நிவேதா. நான் படித்த காலத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வகுப்பில் நாலு பேர் திரும்புவோம். இப்போது கிழவிப் பெயர் என்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். போன் கையிலிருந்து கண்ணுக்குள் போய்ப் பதினெட்டு வருடமாகிறது அல்லவா? கண்ணில் போட்டிருக்கும் லென்ஸ்தான் போன், அதுதான் கேமரா. அந்த லென்ஸில் தெரிவதைக் கம்பியில்லாமல் வீட்டு டிவியில் காட்டலாம். அந்தக் காலத்தில் கைபோனில் இருக்கும் படத்தை டிவிக்கு அனுப்புவார்களே, அதே வேலைதான். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், டிவியில் நாலு இலக்க எண் வரும், லென்ஸ்காரர் அதை ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் அன்று போனது போனில் இருந்த படம். இன்று போவது கண் பார்க்கிற காட்சி. பார்வை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் டிவியில் ஒரு சிவப்பு வட்டமும் நிற்கும். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் அந்த இடம் டிவியில் பெரிதாகிவிடும்.

இதை யாரோ ஒரு புண்ணியவான் பெண் பார்க்கும் சடங்கில் கொண்டுவந்து வைத்தான். ஜாதகம் பொய் சொல்லும், தரகர் பொய் சொல்வார், கண் பொய் சொல்லாது என்பது அவன் கணக்கு. பெண் வீட்டுக் கூடத்து டிவியில் இடது பாதி பெண்ணின் பார்வை, வலது பாதி மாப்பிள்ளையின் பார்வை. இருபது நிமிடம். உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் வட்டம் பெண்ணின் முகத்தில் நின்றால் நல்ல பையன். கழுத்துச் சங்கிலியில் நின்றால் பேராசைக்காரன். வாசற்கதவில் நின்றால் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள். முடிந்ததும் இரண்டு பார்வையும் உண்மைதான் என்று நான் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்று வரும்வரை பெண்ணும் பையனும் தனியாகப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது பெரியவர்கள் ஏற்பாடு.

விளைவு என்ன ஆயிற்று? தெருவுக்குத் தெரு பார்வைப் பயிற்சி வகுப்பு வந்தது. பெண் முகம் ஏழு வினாடி, மாமனார் முகம் நாலு வினாடி, காபித் தம்ளர் இரண்டு வினாடி, திரும்பப் பெண் முகம் என்று பிள்ளைகளை ஆறு மாதம் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். போன வருடம் நான் திரை வைத்துக் கல்யாணமான ஒரு பெண் கடைவீதியில் என்னைப் பார்த்து அழுதாள். வீட்டுக்காரர் நல்லவர்தானாம். ஆனால் இன்னமும் எண்ணிக்கொண்டேதான் பார்க்கிறாராம். 

சரி, இளவெயினி விஷயத்துக்கு வருகிறேன்.

ஹரிணியும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். அவளுடைய ஒரே மகள் இளவெயினி, எங்களுக்கு வெயினி. இருபத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சப் பலகையில் ஓடவிட்டு மெஷின்தான் பிழை பார்க்கிறது, ஆனால் மெஷின் தவறவிட்டதைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் அவள். ஒரு நூல் தளர்ந்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஏழு வினாடி, நாலு வினாடி என்று பார்க்கச் சொன்னால் முடிகிற காரியமா? முதல் இடம் வந்தபோது அவளுடைய சிவப்பு வட்டம் மாப்பிள்ளையின் சட்டையில் இரண்டாவது பொத்தானிலேயே நின்றது. வேறு கலர் நூலில் தைத்திருந்தார்களாம். இரண்டாவது இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேசப் பேச, வட்டம் அந்த அம்மாளின் வகிட்டில் சாயம் போன இடத்தில் நாற்பது வினாடி நின்றது. டிவி முழுக்க நரைமுடி. அவர்கள் காபி குடிக்காமலே எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாவது இடம் வருகிறது என்றதும் ஹரிணி என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெயினியின் அப்பா உயிரோடு இல்லை, எல்லாம் பெரியப்பா பிரணவ் பொறுப்பு. இந்த இடமும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். அழுதாள். அதன் பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

வாடகைக் கண் என்று ஒன்று உண்டு. பெண்ணுக்குத் தோழியாகப் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள், அவள் பயிற்சி முடித்தவளாக இருப்பாள். டிவியில் வரும் எண்ணை அவளுடைய லென்ஸ் ஒப்புக்கொள்ளும். எந்தப் பாதியில் யார் பெயர் என்று எழுதுவது நான்தானே. பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் கூடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஹரிணியின் தங்கை மகள் நறுமுகை பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கியவள், அவள் உட்காரத் தயார்.

நான் பதினோரு வருடத்தில் அதைச் செய்ததில்லை. அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள், இது ஒரே ஒரு பொய்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயினி மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

பல்லடத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நன்மாறன், முப்பத்தொரு வயது, சொந்த விசைத்தறி. அவனோடு அம்மா ஸ்வேதா, தோழன் அமுதன், பின்னால் ஒரு வேன் உறவு. நான் எண்களைக் கொடுத்தேன். அமுதன்தான் மாப்பிள்ளையின் லென்ஸை இணைத்துவிட்டதாகச் சொன்னான். டிவியில் இரண்டு பாதியும் தெரிந்தது.

அன்றைக்குப் போல அழகான திரையை நான் பார்த்ததே இல்லை. இடது வட்டம் மாப்பிள்ளை முகத்தில் ஏழு வினாடி நின்று, வெட்கத்தோடு தரைக்கு இறங்கி, மாமியார் பாதத்தில் மரியாதையாக நின்றது. வலது வட்டம் பெண்ணின் நெற்றியில் தொடங்கி, பெரியப்பாவுக்கு வந்து, சாமி படத்துக்குப் போய்த் திரும்பியது. நடுவில் சமையல்கட்டில் ஒரு தட்டு விழுந்து பெரிய சத்தம் கேட்டது, இரண்டு வட்டமும் ஒரே சமயத்தில் அங்கே போய் ஒரே சமயத்தில் திரும்பின. பெரியப்பா தொடையில் தட்டி ரசித்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. வலது பாதியின் ஓரத்தில் ஒரு முழங்கால் தெரிந்தது. பச்சைக் கரை வேட்டி. பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தது மாப்பிள்ளை. தன் முழங்காலைப் பக்கத்து நாற்காலியிலிருந்து யார் பார்க்க முடியும்?

அமுதன்தான் பார்க்க முடியும். அவர்களும் வாடகைக் கண்ணோடு வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை என்ன இளிப்பது? வாயை மூடிக்கொண்டேன். டிவியில் அமுதனும் நறுமுகையும் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முப்பது பேர் மெய்மறந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, நிஜமான இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று திரும்பினேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் நான் டிவியை விட்டுக் கண்ணை எடுத்தது அன்றுதான். வெயினி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம், அடக்கம், எண்ணிக்கை எதுவும் இல்லை. துணி பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். அவன் ஒருமுறை அவளைக் கவனித்து, சங்கடப்பட்டு, பிறகு சிரித்தான். அவளும் சிரித்தாள். அவ்வளவு கூட்டத்தில் அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் முடிந்ததும் கைதட்டாத குறை. சான்றை இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நான் நழுவிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டதும் வெயினி நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, அவருக்குக் காது சரியாக் கேக்காதுங்க்கா."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"தட்டு உழுந்துச்சுல்லங்க, ஊட்ல இருந்த அத்தன பேரும் திரும்புனாங்க. அவரு திரும்பவே இல்ல. ஆரு பேசுனாலும் மூஞ்சியப் பாக்காம வாயவே பாக்கறாரு. பின்னாடி இருந்து கேட்டா அந்த அமுதன் இவரு முன்னால திரும்பி மறுக்கா ஒருக்கா சொல்றாரு, அப்பறந்தான் பதில் வருது. டிவில காமிச்சது அவரு கண்ணே இல்லீங்க."

நான் பன்னிரண்டு நிமிடம் கழித்து ஒரு முழங்காலைத்தான் கண்டுபிடித்தேன். இவள் மனிதனையே கண்டுபிடித்துவிட்டாள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயையே பார்க்கிற பையனின் வட்டம் டிவியில் எப்படி இருக்கும்? பெண்ணின் உதட்டிலேயே நிற்கும். பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? அவனுக்கும் முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததாகத் தரகர் சொன்னது ஞாபகம் வந்தது.

ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நானும்தானே ஏமாற்றினேன் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தரு பேசி முடிக்கற வரைக்கும் வேற பக்கம் திரும்பாத ஆம்பளைய நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லீங்க்கா. எனக்கு அவருதான் வேணும்."

அவளுக்கு இருந்த பயம் ஒன்றுதான். மறுபடி திரை வைக்கச் சொன்னால் நான் வைக்கக் கூடாது. வைத்தால் அவன் காது விஷயம் அத்தனை பேர் முன்னாலும் தெரிந்துபோகும். அதை அவனாக, எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது சொல்லட்டும் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவள் போன பிறகு எனக்கே மனசு நிறைந்திருந்தது. சான்றை எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடிப்பதற்குள் பெரியப்பா பிரணவிடமிருந்து அழைப்பு. திரையின் பதிவை மஸ்கட்டில் இருக்கும் கடைசித் தம்பிக்குக் காட்டிப் பெருமைப்படலாம் என்று ஓட்டியிருக்கிறார். நாலு தடவை ஓட்டியதில் முழங்கால் கண்ணில் பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு வீட்டாரும் வர வேண்டும், நானும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டார்.

ஞாயிறு அதே கூடம், அதே கூட்டம். பலகாரத் தட்டு மட்டும் இல்லை. பெரியப்பா பதிவை ஓடவிட்டு முழங்காலில் நிறுத்தி, பெரிதாக்கினார். பச்சைக் கரை சுவர் முழுக்கத் தெரிந்தது.

"வாடகைக் கண்ணக் கொண்டாந்து எங்க ஊட்லயே உக்கார வெச்சிருக்கறீங்க. இந்த ஊட்ட என்னன்னு நெனச்சீங்க?"

ஸ்வேதா அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஹரிணி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். நன்மாறன் பெரியப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் சொன்னது முழுவதும் அவனுக்குப் புரிந்திருந்தது. எழுந்து நின்றான். தப்பு தன்னுடையதுதான், அம்மாவை ஒன்றும் சொல்ல வேண்டாம், கிளம்புகிறோம் என்றான். காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே பேசினான். பெரியப்பாவுக்கு அது திமிராகப் பட்டது.

அப்போதுதான் வெயினி உள்ளேயிருந்து வந்தாள்.

"பெரீப்பா, அந்தப் பக்கத்து முழங்காலப் பாத்தீங்கல்ல. இந்தப் பக்கத்து வளையலப் பாக்கலீங்களா?"

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. அவளே போய் இடது பாதியைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் ஒரு கை. சிவப்புக் கண்ணாடி வளையல் ஒரு டஜன். அன்றைக்கு வெயினி போட்டிருந்தது. அவள் கையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் அப்படித் தெரியும். நறுமுகை எழுந்து சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள்.

இதற்கு மேல் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. "திரைய வெச்சது நான்தானுங்கண்ணா. ரெண்டு பக்கமும் பொய். அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க," என்றேன்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவதற்கு ஆள் தேடினார், கத்துகிற மாதிரி யாரும் கிடைக்கவில்லை. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், அந்தச் சிரிப்பு ஸ்வேதா அம்மாளுக்கும் தொற்றிக்கொண்டது. அத்தோடு விட்டிருந்தால் எல்லோரும் காபி குடித்திருப்போம். ஆனால் பெரியப்பாவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

"அப்ப மறுக்கா வைங்க அம்மணி. இப்பவே. பக்கத்துல ஒரு ஈ காக்கா உக்காரக் கூடாது. அவியவிய கண்ணு, அவியவிய பார்வ."

நான் வெயினியைப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது, முடியாது என்றேன். என் கருவி சரியில்லை என்று சொன்னேன், லைசென்ஸ் போய்விடும் என்று சொன்னேன். நான் சாக்குச் சொல்லச் சொல்ல, இன்னும் ஏதோ இருக்கிறது என்று பெரியப்பாவின் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நன்மாறன்தான் என் பக்கம் திரும்பினான். வைங்க்கா, போதும், இந்தப் பொய் என்னால் முடியவில்லை என்றான். அவனே சொன்ன பிறகு நான் யார் தடுக்க?

இரண்டு எண் கொடுத்தேன். இந்த முறை யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்று என் கண்ணால் பார்த்தேன்.

வலது பாதியில் முதலில் வந்தது பெரியப்பாவின் மீசையும் அதன் கீழே வாயும். சுவர் அகலத்துக்கு இருந்தது. சிவப்பு வட்டம் நட்டநடு உதட்டில். என்ன தம்பி, என் வாயையே பார்க்கிறாய் என்று பெரியப்பா கேட்டார். கேட்கும்போது அந்தப் பெரிய வாயும் டிவியில் அதையே கேட்டது. இளசுகள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். பின்வரிசையிலிருந்து வெயினியின் மாமா ஒருவர், எந்த ஊரில் படித்தீர்கள் தம்பி என்றார். நன்மாறன் அசையவில்லை. வட்டமும் அசையவில்லை. மாமா இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார். அமுதன் வாயைத் திறந்து, பெரியப்பா முறைத்ததில் மூடிக்கொண்டான். ஸ்வேதா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கூடத்தில் ஒவ்வொருத்தர் முகமாக விஷயம் புரிய ஆரம்பித்தது. அந்த நிமிடம் அவ்வளவு கூட்டத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். சிரிப்பு நின்றதே அவனுக்குத் தெரியாது.

இடது பாதியை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. வெயினியின் வட்டம் ஆரம்பத்திலிருந்து ஒரே இடத்தில் நின்றிருந்தது. அவன் காதில்.

அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு நேர் எதிரே, இரண்டடி தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் பெண்கள் செய்கிற காரியம் இல்லை அது. ஹரிணி வாயில் கை வைத்தாள்.

"தறிச் சத்தமுங்களா?"

வலது பாதி முழுக்க அவள் உதடுதான்.

"ஆமாங்க," என்றான் அவன். "எட்டு வருசமுங்க. எடது காது சுத்தமாப் போச்சு, வலதுல கொஞ்சம் இருக்குது. காதுக்குள்ள மிஷின் வெச்சா சரியாகுமுங்க. கல்யாணம் முடியட்டும், அதுக்கு முன்னால வெச்சா பொண்ணு தரமாட்டாங்கன்னு ஊட்ல சொன்னாங்க. நான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

அவள் தலையாட்டினாள். ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையில் ஒரு விடலை மறுபடி களுக்கென்று சிரித்துவிட்டது. அவள் திரும்பி டிவியைப் பார்த்தாள். தன் உதடு அத்தனை பெரிதாக, அதன் நடுவில் சிவப்பு வட்டத்தோடு, அத்தனை மாமன் மச்சான்களுக்கு முன்னால் அசைவதைப் பார்த்தாள். அவன் கேட்பதற்கு இருக்கும் ஒரே வழி அது. அதை நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு என் தொழில் மேல் முதல்முதலாக வெட்கம் வந்தது.

வெயினி குனிந்து, இமையைப் பிடித்து, கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றித் தண்ணீர்த் தம்ளரில் போட்டாள். மற்றதையும் போட்டாள். இடது பாதி இருண்டது. நன்மாறன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு தன்னுடையதையும் கழற்றி அதே தம்ளரில் போட்டான். இணைப்பு இல்லை என்று டிவியில் எழுத்து வந்து, அதுவும் போய், கறுப்பாகிவிட்டது. கறுப்புத் திரையில் நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறதே என்று பெரியப்பா முணுமுணுத்தார். பெரியம்மா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

வெயினி பேசினாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. முதலில் மெதுவாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்து எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். ஹரிணி சாய்ந்தாள், பெரியம்மா எழுந்தே நின்றார். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அவள் சத்தமே போடாமல், நிதானமாக, அவனுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் அவன் புருவம் உயர்ந்தது. ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். அவள் இன்னும் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"சரிங்க," என்றான் அவன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் முகம் சிவந்து எழுந்து உள்ளே போனாள். என்னடி கேட்டாய் என்று ஹரிணி பின்னாலேயே ஓடினாள். பெரியம்மாவும் ஓடினார். இருவரும் சீக்கிரமே வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். நன்மாறனைக் கேட்கலாம் என்றால், அவன் தம்ளரில் எந்த லென்ஸ் யாருடையது என்று தேடுகிற சாக்கில் யார் வாயையும் பார்க்காமல் சௌகரியமாகச் செவிடாகிவிட்டான். பெரியப்பா வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். பதினோரு வருடமாக எதிர்க்கட்சியின் மனசைக் கூடத்துச் சுவரில் காட்டுகிறவள் நீதானே என்கிற மாதிரி நின்றார்.

"அவ என்ன கேட்டா அம்மணி?"

"தெரியலீங்கண்ணா," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து ஒரு பெண் வீட்டில் நான் அப்படிப் பதில் சொன்னதே இல்லை. சொல்வதற்கு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை கேட்பாரா என்று பார்த்தேன். அவர் கேட்காமல், பலகாரம் எங்கே என்று சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.